தொண்டையில் நிற்பது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறை. ஏதோ பெரிய அனுபவத்திலிருந்து பிறந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். உண்மை என்னவென்றால் என் இடது காதில் அழுக்கு அடைத்திருந்தது. பக்கத்து நாற்காலிப் பெண் உள்ளே போய்த் திரும்பி வந்து, விட்டுப்போன பையை எடுத்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், "ஒண்ணும் இல்லையாம்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தையைக் கேட்டவர்களுக்கு உயிர் திரும்பி வரும். இவளுக்கு வரவில்லை. உள்ளே ஆள் இருக்கும்போதே வெளியே பூட்டிவிட்டுப் போனால் ஒருவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். தொண்டையில் கட்டி நிற்கிறது என்று வந்தாளாம். குழாய் விட்டுப் பார்த்தார்களாம். கட்டி கிடையாது, இங்கிலீஷில் 'லம்ப் இன் த த்ரோட்' என்று ஒரு பேச்சு உண்டு, மனசு கனத்தால் அப்படித் தோன்றும் என்று டாக்டரம்மா சொன்னாராம். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் யார், என்ன வேலை, எதற்காக மனசு கனத்தது, எதுவும் எனக்குத் தெரியாது. இனி வருவது எல்லாம் நான் கட்டியது. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

2

முதலில் அந்த ஆங்கிலப் பேச்சைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

நமக்கும் தொண்டை அடைக்கும். நெஞ்சு கனக்கும், வயிறு எரியும், கண் கலங்கும், கை கால் வெலவெலக்கும். கவனித்தீர்களா, எல்லாமே வினைச்சொல். நடக்கும், முடியும். அழுது தீர்த்தால் அடைத்த தொண்டை திறந்துகொள்ளும். ஆங்கிலக்காரர்கள் அப்படி இல்லை. உடம்புக்குள் சாமான் வைக்கிறார்கள். வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி, தொண்டைக்குள் கட்டி. பெயர்ச்சொல். வைத்த இடத்தில் இருக்கும்.

(இதைப் படித்த என் பிழைதிருத்தும் நண்பர் ஓரத்தில் எழுதினார்: "வயிற்றில் புளியைக் கரைக்கிறோமே, அது சாமான் இல்லையா?" கரைந்துவிடுகிறதே ஐயா என்று பதில் எழுதினேன். அவர் சமாதானம் ஆகவில்லை.)

இன்னொன்று. நம் 'அடைத்தது' என்பதில் அடைத்தவர் யார் என்று இருக்காது. துக்கம் தொண்டையை அடைத்தது என்போம், துக்கத்தைப் பிடித்து விசாரிக்க முடியாது. ஆனால் அதே சொல்லை வைத்து 'அவள் வாயை அடைத்தார்கள்' என்றும் சொல்கிறோம். அங்கே ஆள் இருக்கிறார்கள். இந்தக் கதை இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் எங்கோ நடக்கிறது.

ஆரம்பம் மூன்று எழுதினேன்.

ஒன்று: வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் மனதிலும் —

(வேண்டாம்.)

இரண்டு: சொல்லப்படாத உண்மைகள் ஒரு பெண்ணின் தொண்டையில் கட்டியாக உறைந்து, காலத்தின் மௌன சாட்சியாக —

(இதை அவளிடம் வாசித்துக் காட்டினால், "அது யாருங்க?" என்று கேட்பாள்.)

மூன்றாவது, அவள் வேலையிலிருந்து தொடங்குவது. அதுதான் நின்றது.

3

அவள் சலவைக்கூடத்தில் துணி மடிப்பவள். ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்புகள் அங்கே வரும். துவைத்துப் பிழிந்து வந்த விரிப்பை ஒரு பெரிய சூடான உருளைக்குள் விடவேண்டும். இந்தப் பக்கம் ஈரமாகப் போவது அந்தப் பக்கம் மொடமொடவென்று வெளியே வரும். வருவதைப் பிடித்து, உதறி, மூலைக்கு மூலை சேர்த்து மடிப்பது அவள் பாடு. அவள் மடித்த அடுக்கு சுவர் மாதிரி நிற்கும். அதனால் கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர் விழுந்துவிட்டது.

உருளையின் முன்பக்கம் நின்று துணியை உள்ளே விடுபவள் சிட்டு. ஆளும் சின்னது, கையும் காலும் ஓயாது, வாய் அதைவிட ஓயாது. ஒவ்வொரு விரிப்பையும் உள்ளே தள்ளும்போது அதன் ஓரத்தில் லேசாகத் தட்டி, "போயிட்டு வா" என்பாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி. மறுபக்கம் மடிப்பக்கா, "வந்துட்டான், வந்துட்டான்" என்று பிடித்துக்கொள்வாள். மெஷின் சத்தத்தில் இருவரும் கத்திக் கத்தித்தான் பேசிக்கொள்வார்கள். மாமியார் விவகாரம், பிள்ளைகளின் படிப்பு, மேனேஜரின் புதுச் செருப்பு என்று எல்லா ரகசியங்களும் அந்த உருளையைத் தாண்டித்தான் போகும். ரகசியத்தைக் கத்திச் சொல்கிற ஒரே இடம் இதுதான் என்று சிட்டு சிரிப்பாள்.

கூடத்தின் மேற்பார்வையாளர் மடிப்பக்காவின் கூடப்பிறந்த அண்ணன். அவள் அண்ணா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவரைவிட வயதில் மூத்த டிரைவர்கள்கூட அவரை அண்ணா என்றே கூப்பிட்டார்கள்.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. விரல் அதில் பட்டாலே மெஷின் நின்றுவிடும். ஆனால் அந்தக் கம்பிக்கு விரலுக்கும் துணியின் தடித்த ஓரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. சும்மா சும்மா நிற்கும். நின்றால் சூடு இறங்கும், ஏறக் காத்திருக்கவேண்டும், வெளியே வண்டிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஒருநாள் மேனேஜர் இறங்கி வந்து, எல்லோர் முன்னிலையிலும் அண்ணனை வாங்கு வாங்கென்று வாங்கினார். கடைசியில் குரலைத் தணித்தார், மெஷின் நின்றிருந்ததால் அதுவும் எல்லோருக்கும் கேட்டது:

"ஏதாவது பண்ணுங்க. என்ன பண்ணீங்கன்னு நான் கேக்கமாட்டேன்."

அன்றைக்கே அண்ணன் ஒரு கிழிந்த தலையணை உறையிலிருந்து நீளமாக ஒரு பட்டை கிழித்து, கம்பியை மேலே தூக்கிக் கட்டினார். பிறகு மெஷின் நிற்கவே இல்லை. "பார்த்து விடும்மா" என்று மட்டும் சிட்டுவிடம் சொன்னார். சிட்டுவும் பார்த்துத்தான் விட்டாள். மடிப்பக்கா எதிர்ப்பக்கம் நின்று அந்தப் பட்டையைத் தினமும் பார்த்தாள். முதலில் உறுத்தியது. பிறகு பழகிவிட்டது.

4

விபத்து நடந்தது மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்.

ஆஸ்பத்திரி விரிப்பு ஒன்றின் தையல் ஓரம் பிரிந்து நூலும் நாடாவுமாகத் தொங்கியது. அது சிட்டுவின் விரல்களில் சுற்றிக்கொண்டது. துணி உள்ளே போனது, கூடவே கையும் போனது. மடிப்பக்காவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அலறல் எதுவும் கேட்கவில்லை. "அக்கா" என்று ஒரே ஒரு தடவை, யாரோ கூப்பிட்டு விஷயம் சொல்ல மறந்ததைப்போலக் கேட்டது. சுற்றிக்கொண்டு ஓடிப்போய் சிவப்புப் பொத்தானை அறைந்தாள்.

[இங்கே அந்தக் கையை விவரித்து ஒரு பத்தி இருந்தது. நன்றாகவே வந்திருந்தது, அதனால்தான் எடுத்துவிட்டேன். ஒருத்தியின் கை நசுங்கியதை நான் அழகாக எழுதி நீங்கள் அழகாக எழுதியிருக்கிறான் என்று சொல்லவேண்டாம்.]

எல்லோரும் சிட்டுவைச் சூழ்ந்துகொண்டு, சலவை செய்த வெள்ளை விரிப்பால் கையைச் சுற்றி, வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். ஆம்புலன்ஸ் இன்னும் வந்திருக்கவில்லை. மடிப்பக்கா உருளைக்குப் பக்கத்திலேயே நின்றாள். அப்போது அண்ணன் கூட்டத்திலிருந்து விலகி வந்தார். கம்பியில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் இழுத்து அவிழ்த்தார். சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது தங்கை பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அவர் கண்ணில் மிரட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. மிரட்டல் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த நிமிஷம் தொண்டையில் வந்து நின்றதுதான் அது. அன்று மாலை சாப்பிட உட்கார்ந்து, முதல் கவளத்தை வாயில் போட்டபோது தொண்டையில் ஏதோ இடித்தது. தண்ணீர் குடித்தாள். தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போனது, அது நகரவில்லை.

கூடத்தில் அதற்குள் ஒரு கதை தயாராகிவிட்டது. சிட்டு அவசரப்பட்டாள். சிட்டுவுக்குப் பேச்சில்தான் கவனம். வீட்டில் சண்டையாம், அதையே நினைத்துக்கொண்டு கையை விட்டிருக்கிறாள். முதலில் யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. (கதை எழுதுபவனாகச் சொல்கிறேன்: வெற்றிகரமான கதை என்றால் இதுதான். ஆசிரியர் பெயரே தேவைப்படவில்லை.)

அவள் டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா நல்ல மனுஷி. மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார், கழுத்தில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார், படத்தை அவளுக்கே திருப்பிக் காட்டினார். எதுவும் இல்லை. பிறகு அந்த ஆங்கிலப் பேச்சைச் சொன்னார். மனசு சம்பந்தப்பட்டது, உடம்பில் தெரிகிறது, நிறையப் பேருக்கு இருக்கும் என்றார்.

"தோணுதுன்னு சொல்றீங்களே டாக்டர், தோணுறதுன்னா இல்லாததுன்னு அர்த்தமா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்படிச் சொல்லலைம்மா. நீங்க இருக்குன்னா இருக்கு. நான் வெட்டி எடுக்கிற மாதிரி இல்லைன்னுதான் சொல்றேன்" என்றார். யோசித்துவிட்டு, "அழுதீங்களா?" என்று கேட்டார்.

அழவில்லை. சிட்டு படுத்துக் கிடக்கும்போது தான் உட்கார்ந்து அழுவது அவளுக்கு என்னவோ மற்றவர் வீட்டுப் பந்தியில் கை நனைப்பதுபோல இருந்தது.

வெளியே வந்து பையை எடுத்தாள். பக்கத்தில் காதைக் குடைந்துகொண்டிருந்த ஒரு ஆளிடம் இரண்டு வார்த்தை பேசினாள். அந்த ஆளை இனி மறந்துவிடலாம்.

5

அண்ணனை என்ன செய்வது என்பதில் நான் நிறையத் தடுமாறினேன்.

முதல் பிரதியில் அவருக்கு மீசையும் சிவந்த கண்ணும் கொடுத்து, மேனேஜருடன் சேர்ந்து சிரிக்க வைத்தேன். அப்படி ஒரு ஆள் என்றால் தங்கைக்கு என்ன கஷ்டம்? போட்டுக்கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். தொண்டையில் எதுவும் நிற்காது. அடித்துவிட்டு மறுபடியும் எழுதினேன்.

மடிப்பக்காவின் கணவன் இன்னொரு குடித்தனம் தேடிப் போனபோது, ஒரு கேள்வி கேட்காமல் வேன் பிடித்து வந்து அவள் சாமான்களை ஏற்றியவர் அண்ணன். தன் வீட்டுக் கீழ்த்தளத்தை ஒழித்துக் கொடுத்தார். சலவைக்கூடத்தில் வேலைக்குச் சொன்னார். அவளுக்குக் காலை முறை வந்தால் மகளுக்குத் தலைபின்ன ஆள் இல்லை என்று, தானே பின்னக் கற்றுக்கொண்டார். முதல் வாரம் கோணல் மாணலாகப் பின்னி அனுப்பினார், குழந்தை அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனது. இப்போது அவள் அம்மாவைவிட அவர் நன்றாகப் பின்னுவார். இந்த விரல்களும் அந்த முடிச்சைப் போட்ட விரல்களும் ஒன்றுதான். என்னால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. அவளாலும் முடியவில்லை.

விசாரணைக்குத் தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும், அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தார். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"உன்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. பக்கத்துல நின்னது நீதானே" என்றார். "கம்பி கட்டியிருந்துதான்னு கேப்பாங்க. கவனிக்கலைன்னு சொல்லு. பொய் சொல்லுன்னு நான் சொல்லலை. கவனிக்கலை, அவ்வளவுதான்."

"கவனிச்சேனே அண்ணா."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். மேனேஜர் கைவிரித்துவிட்டதையும், எழுத்தில் எதுவும் இல்லாததால் கட்டியவன் தலையில்தான் எல்லாம் விடியும் என்பதையும் சொன்னார். வேறு யாரையும் சேர்த்துச் சொன்னால் கேஸ் வேறு மாதிரிப் போகும் என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். பேசப் பேச அண்ணனின் குரல் உடைந்தது. "நீ வாயைத் திறந்தா என் கழுத்துக்குத்தான் கயிறு" என்றார்.

"என் கழுத்துல ஏற்கனவே ஒண்ணு நிக்குது அண்ணா. உள்ளயும் போகமாட்டேங்குது, வெளியவும் வரமாட்டேங்குது."

"அதான் ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்களே."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் கையிலிருந்த ஈரத் துணியை உதறினாள்.

மறுநாள் அண்ணி வந்தார். சண்டைக்கு வரவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். இந்த வீட்டில் உனக்கு நாங்கள் ஏதாவது குறை வைத்தோமா என்று கேட்டார். குறையே வைக்கவில்லை அண்ணி என்றாள் மடிப்பக்கா. பிறகென்ன என்றார் அண்ணி. மடிப்பக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அது குறுக்கே நின்றது. விழுங்கிக்கொண்டாள். அண்ணி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

(விழுங்கிக்கொள்வதைப் பற்றி ஒரு குறிப்பு. வார்த்தையை மென்று விழுங்கினாள் என்று நாம் எத்தனை கதையில் எழுதியிருப்போம். விழுங்கியது எங்கே போகிறது என்று யாராவது யோசித்தோமா? வயிற்றுக்குப் போனால் செரிக்கும். இவளுக்கு வழியிலேயே நின்றுவிட்டது.)

6

விசாரணைக்கு முந்தின நாள் அவள் சிட்டுவைப் பார்க்கப் போனாள்.

சிட்டு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கைவரை கட்டுக்குள் இருந்தது. விரல் பக்கம், கட்டு முடியவேண்டிய இடத்துக்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. அவள் தனக்குக் கீழே விரித்திருந்த விரிப்பை இடது கையால் தடவிக்கொண்டே, இது நம்மிடம் வெளுத்ததுதான் அக்கா, மடிப்பைப் பார்த்தாலே தெரிகிறது என்றாள். இப்போது யார் துணி விடுகிறார்கள் என்று விசாரித்தாள். மேனேஜரின் புதுச் செருப்பு அறுந்துவிட்டதா என்று கேட்டாள். மடிப்பக்காவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பும் அந்த இடத்தில் இடித்தது.

பிறகு சிட்டு குரலை இறக்கினாள். மெஷின் இல்லாத இடத்தில் மெல்லப் பேச அவளுக்குத் தெரியும் என்பதே மடிப்பக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான்தான் அவசரப்பட்டுட்டேன்போல இருக்கு அக்கா."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. பார்க்க வர்றவங்க எல்லாம் கவனமா இருந்திருக்கலாம்ல, இருந்திருக்கலாம்லன்னு. எங்க வீட்டுக்காரர்கூட. முதல்ல இல்லைன்னு சொன்னேன். இப்போ யோசிச்சுப் பார்த்தா, அன்னைக்கு நான் எதையோ நினைச்சுட்டு இருந்தேன்னுதான் தோணுது." கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "என் கையை நானே தின்னுட்டேன்."

நான் இங்கே மடிப்பக்காவை ஓவென்று அழவைக்க நினைத்தேன். அடைத்தது திறக்கட்டும், டாக்டரம்மா சொன்ன மருந்தும் அதுதான். வாக்கியத்தைக்கூட ஆரம்பித்துவிட்டேன்: அவள் கண்களிலிருந்து —

அவள் எழுத விடவில்லை. அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. காது மடல் சூடாகி, தாடை இறுகுகிற கோபம். கம்பியைக் கட்டியது ஒரு குற்றம். அதையாவது அவசரத்தில் செய்தது என்று சொல்லலாம். கை போனவளின் மனசுக்குள் புகுந்து, நீதான் காரணம் என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார்களே, இதை உட்கார்ந்து நிதானமாக அல்லவா செய்திருக்கிறார்கள். அதில் தானும் ஒருத்தி. கவனிக்கவில்லை என்று நாளைக்குச் சொன்னால் சிட்டு சாகும்வரை இதை நம்பிக்கொண்டே இருப்பாள்.

சிட்டுவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "கம்பி கட்டியிருந்துது. நீ எதையும் நினைக்கலை. நீ ஒழுங்காத்தான் விட்ட" என்றாள்.

சிட்டு அவளையே பார்த்தாள். "அது உங்க அண்ணன் ஆச்சே அக்கா" என்றாள்.

7

இப்போது விசாரணை. இங்கே என்னிடம் இரண்டு முடிவுகள் கைவசம் இருந்தன.

முதலாவது: அவள் எல்லாவற்றையும் சொல்கிறாள். சொல்லி முடித்ததும் தொண்டையில் இருந்தது கரைந்துவிடுகிறது. வெளியே வந்து ஒரு டம்ளர் தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்கிறாள். கேட்க இதமாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் இருந்தது. ஆனால் இதை எழுதினால், உண்மை பேசினால் உடம்பு தேறும் என்று ஆகிவிடும். உண்மை என்ன கஷாயமா? தொண்டை சரியாகும் என்பதற்காகவா ஒருத்தி தன் அண்ணனைக் காட்டிக்கொடுப்பாள்?

இரண்டாவது: அவள் பேச எழுகிறாள், பேச்சு வரவில்லை, உட்கார்ந்துவிடுகிறாள். கட்டி பெரிதாகிக்கொண்டே போகிறது. வாசகர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நம் கதைகளில் பெண்கள் இப்படித் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது போதும். அவளை அப்படி உட்காரவைக்க எனக்கு உரிமை இல்லை.

ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

மேனேஜரின் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் மேனேஜர், சுவரோரம் அண்ணன். அதிகாரி அவளை உட்காரச் சொன்னார், விபத்து நடந்தபோது எங்கே நின்றாள் என்று கேட்டார். சொன்னாள். தடுப்புக் கம்பி இயங்கும் நிலையில் இருந்ததா என்று கேட்டார்.

வாயைத் திறந்தாள். அது ஏறி வந்து நின்றது. இதுவரை இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. குரலுக்குப் பதிலாக ஒரு கரகரப்பு வந்தது. இருமினாள். கண்ணில் நீர் முட்டியது. மேனேஜர் எழுந்து, ரொம்ப அன்பாக, தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். அதிகாரியிடம் திரும்பி, பாவம், இவர்களுக்குத் தொண்டையில் ஏதோ பிரச்சினை, சிகிச்சையில் இருக்கிறார்கள், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமே என்றார். அதிகாரியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் தண்ணீரைத் தொடவில்லை. பாட்டிலைத் திருப்பி மேனேஜர் பக்கமே தள்ளினாள்.

"தண்ணி வேண்டாம். இது தண்ணியில இறங்காது. இருந்துட்டுப் போகட்டும், நான் பேசுறேன்."

பேசினாள். அழகாகப் பேசினாள் என்று எழுத எனக்கு ஆசை, பொய்யாகிவிடும். வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன. ஒவ்வொன்றையும் அந்தக் கட்டியைச் சுற்றிக்கொண்டு இழுத்து வெளியே போடவேண்டியிருந்தது. பாதியில் நிறுத்தினாள், மூச்சு வாங்கினாள், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கேட்பவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கம்பி கட்டியிருந்ததைச் சொன்னாள். எதைக்கொண்டு கட்டியது என்று சொன்னாள். விபத்துக்குப் பிறகு அவிழ்த்ததையும் சொன்னாள்.

"யார் கட்டினது?" என்றார் அதிகாரி.

அவள் சுவரோரம் திரும்பவில்லை.

"என் அண்ணன்."

அதிகாரி தலையை அசைத்தார். மேனேஜர் நாற்காலியில் சற்று நிம்மதியாகச் சாய்ந்தார். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"இன்னும் முடியலை" என்றாள் மடிப்பக்கா. "ஏதாவது பண்ணுங்க, என்ன பண்ணீங்கன்னு நான் கேக்கமாட்டேன். இதைச் சொன்னது இவர். எல்லாருக்கும் கேட்டுது. எனக்கும் கேட்டுது. கட்டின கை ஒண்ணு, கட்ட வச்ச வாய் ஒண்ணு. ரெண்டையும் எழுதிக்கோங்க. நான் தினமும் பார்த்துட்டுச் சும்மா இருந்தேன், அதையும் எழுதிக்கோங்க. எழுத வேண்டாதது ஒண்ணே ஒண்ணுதான். சிட்டு அவசரப்படலை."

மேனேஜர் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அதிகாரி கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, அண்ணனைப் பார்த்து, இது உண்மையா என்று கேட்டார்.

அண்ணன் தரையைப் பார்த்தபடி நின்றார். கடைசியில் தலையை மட்டும் ஒருமுறை அசைத்தார்.

அவருக்கும் தொண்டை அடைத்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வலி, ஒரே ரத்தம் என்று முடிச்சுப் போட்டுவிடலாம். எழுதமாட்டேன். அவருக்கு என்ன அடைத்தது என்று அவர் என்னிடம் சொல்லவில்லை.

8

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

விபத்துக்குச் சிட்டு காரணம் இல்லை, நிர்வாகம்தான் காரணம் என்று முடிவாயிற்று. மடிப்பக்கா அன்றே போய் அவளிடம் சொன்னாள். சிட்டு பிறகு பார்க்க வந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "கவனமா இருந்திருக்கலாம்லன்னு சொன்னீங்களே, இப்போ சொல்லுங்க" என்று வறுத்தெடுத்தாளாம். போன விரல்கள் போனவைதான். அதற்கு எந்தக் கதையிலும் மாற்று முடிவு கிடையாது.

மேனேஜரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். அங்கே அவர் என்ன கேட்கமாட்டாரோ. அண்ணனுக்கு வேலை போயிற்று. கம்பியைக் கட்டியவருக்கு வேலை போய், கட்டச் சொன்னவருக்கு இடம்தான் மாறியது என்பது மடிப்பக்காவுக்கு ஆறவே இல்லை. அதற்கும் மனுப் போட்டிருக்கிறாள். சலவைக்கூடத்தில் அவளை மடிப்பிலிருந்து எடுத்து, அழுக்குத் துணி பிரிக்கும் இடத்தில் போட்டார்கள். தானாகவே நின்றுவிடுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தினமும் போகிறாள். கீழ்த்தளத்தைக் காலி செய்துவிட்டு, மகளோடு பக்கத்துத் தெருவில் ஒற்றை அறைக்குப் போய்விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகள் இப்போது தலையைத் தானே பின்னிக்கொள்கிறாள், கோணலாகத்தான் வருகிறது.

தொண்டையில் இருப்பது இருக்கிறது. காலையில் கொஞ்சம் சின்னதாக, மாலையில் கொஞ்சம் பெரிதாக. அதை வைத்துக்கொண்டே சாப்பிடுகிறாள், அதை வைத்துக்கொண்டே கத்துகிறாள். புதிதாக யாராவது ஏதாவது ஒரு மெஷினில் கம்பியைத் தூக்கிக் கட்டினால், அந்தக் கரகரத்த குரல் கூடத்தின் மறுகோடிவரை கேட்கும். எப்போது போகும் என்று என்னைக் கேட்காதீர்கள். போகும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு காட்சி மிச்சம் இருக்கிறது. அதை நான் எழுதப்போவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, கடைத்தெரு. அவள் பையோடு வருகிறாள். எதிரே அண்ணன் வருகிறார், மெலிந்திருக்கிறார். தெரு குறுகல். இருவருக்கும் ஒதுங்கிப்போக இடம் இல்லை. அவர் நின்றுவிடுகிறார். அவளும் நின்றுவிடுகிறாள். அவள் வாயைத் திறக்கிறாள்.

அடுத்த வாக்கியத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிட்டாயா என்று அவள் கேட்கலாம். ஏன் அண்ணா அப்படிச் செய்தாய் என்று நடுத்தெருவில் கேட்கலாம். அவர் முந்திக்கொள்ளலாம். இருவரும் பேசாமல் தோள் உரசிக்கொண்டு கடந்தும் போகலாம். எல்லாவற்றுக்கும் அவள் இடம் கொடுப்பாள்.

அவள் மன்னிப்புக் கேட்பதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் எழுதிப் பார்த்துவிட்டேன். அவள் என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.